இடம் கேட்கும் மலர்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயுற்றோருக்கும் முதியோருக்கும் நற்கருணை எடுத்துச் செல்லும் வழக்கம் நம் பங்குகளில் உண்டு. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு அவ்வாறு சென்றிருந்த ஒரு காலைப்பொழுதில், எண்பது வயதைக் கடந்த தாய் ஒருவர் நம்மிடம் சொன்ன ஒரு சொல்லிலிருந்தே இக்கட்டுரை பிறக்கின்றது. அவரது இசைவோடுதான் இதனை எழுதுகின்றோம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் உழைத்தவர் அவர். கணவர் இறந்தபின் மகன் வீட்டில் இருக்கின்றார். முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. வெண்ணிற உப்பின்மீது பட்டுத் தெறித்த வெயிலைப் பார்த்துப் பார்த்தே கண்கள் மங்கிவிட்டன. நற்கருணை உட்கொண்டு செபம் முடித்தபின், "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டோம். "என்னா சாமி, புல்லுருவி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கேன். அவங்க ரெண்டு பேரும் ஓடி ஓடி உழைக்கிறாங்க. நான் உறிஞ்சிக்கிட்டுக் கெடக்கேன். ஆண்டவரு கூப்பிட்டா போயிடலாம்" என்றார்.

நாம் பதறினோம். ஆறுதல் சொல்லப் பழகிய நாவன்றோ நமது நா! "அப்படிச் சொல்லாதீங்கம்மா. நீங்க வீட்டைப் பாத்துக்கிறீங்க. பேரப்பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கிறீங்க. உங்களாலயும் இந்த வீட்டுக்கு எவ்வளவோ பயன் இருக்கு" என்றோம். அவர் சிரித்தார். இரு கைகளையும் விரித்துக் காட்டினார். "பிள்ளைங்க வளந்து வெளியூரு போயிடுச்சி சாமி. திருடன் வந்து எடுத்துக்கிட்டுப் போவ இங்க என்னா இருக்கு, நான் காவ காக்க? இந்தக் கையி இப்ப சோறு அள்ளத்தான் ஆவுது" என்றார். நமது ஆறுதல் அவ்விடத்திலேயே உதிர்ந்துவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் நமது மனம் நம்மையே கடிந்துகொண்டது. அவரால் பயன் உண்டு என்று காட்டி அவரைத் தேற்ற முனைந்தோம். அப்படியாயின், பயன் தீர்ந்தவருக்கு இடமும் தீர்ந்துபோகும் என்பதை நாமும் ஒப்புக்கொண்டவர்கள் ஆனோம் அல்லவா? ஒரு மனிதர் ஒரு வீட்டில், ஒரு பந்தியில், இவ்வுலகில் இடம் பெறுவதற்கான உரிமை எதில் வேர் கொண்டுள்ளது? குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த காலத்தில் இவ்வினாவிற்கு விடை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கின்றோம். ஆனால் அந்தத் தாயின் விரித்த கைகளின் முன் அவ்விடை நமக்கு நினைவுக்கு வரவில்லை.

நம்மைச் சிந்திக்க வைத்தது ஒரு செடி. மரக்காணத்தை அடுத்துள்ள காப்புக்காட்டு ஓரத்தில் நமது மிதிவண்டியை நிறுத்தி இளைப்பாறுவது வழக்கம். சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய அருமையான காடு அது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டில் பாதி வறட்சி. ஆயினும் இலையுதிர்க்காமல் பசுமையாகவே நிற்கும் குட்டையான, அடர்ந்த காடு இது. வீரை, பாலை, காயா, நாவல் என்று இம்மரங்களுக்கு அழகிய தமிழ்ப் பெயர்கள் உண்டு. வறண்ட பசுமைமாறாக் காடு என்று அறிஞர்கள் இதனை வகைப்படுத்துவர். மரக்காணம், புத்துப்பட்டு ஆகிய இரு காடுகளின் தாவரங்களையும் விவரிக்கும் ஆய்வொன்று 1995-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துள்ளது. கடற்கரை நெடுகிலும் விரிந்திருந்த இக்காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. சுற்றிலும் வயலும் சவுக்கும் உப்பளமும் வீடுகளும் சூழ்ந்திருக்க, இத்துண்டுகள் கடல் நடுவே சிறு தீவுகள்போல் நிற்கின்றன.

இத்தீவுகளில் முதிர்ந்த மரங்களின் கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்வது ஒரு காட்டு ஆர்க்கிட் செடி. தாவரவியலார் இதனை 'வந்தா டெசல்லாட்டா' என்பர். தடித்து, நடுவே மடிந்த இலைகள். கயிறுபோல் காற்றில் தொங்கும் வெண்ணிற வேர்கள். பூக்காத காலத்தில் எவரும் திரும்பிப் பாரார். பூத்துவிட்டாலோ மணம் கமழும். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்களின்மேல் பழுப்புநிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். நடுவிலுள்ள உதடு போன்ற இதழ் நீலமும் ஊதாவும் கலந்தது. சிறு சதுரங்கள் பதித்த தளத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே 'டெசல்லாட்டா' என்பது. இச்செடி இந்தியாவின் பல பகுதிகளிலும், இலங்கையின் வறண்ட நிலங்களிலும், மியான்மரிலும் உண்டு.

இதன் பெயருக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க், இக்கடற்கரைத் தாவரங்களைத் திரட்டி 1795 முதல் வெளியிட்ட சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய நூலில் இதனை முதன்முதலாக விவரித்தார். அந்நூலின் முந்நூறு வண்ணப் படங்களுக்கு மூலம் வரைந்து கொடுத்தவர்கள் இந்நாட்டு ஓவியர்கள். அவர்களது பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. மரத்தின்மேல் வாழும் செடியைக் குறிக்கும் 'வந்தா' என்னும் வடசொல்லை இதற்குரியதாக எடுத்துக்காட்டியவர் மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ். 1820-இல் ராபர்ட் பிரவுன் அச்சொல்லையே ஒரு பேரினத்தின் பெயராக நிலைநாட்டினார். உலகெங்கும் தோட்டக்காரர்கள் இன்று போற்றி வளர்க்கும் வந்தா மலர்கள் அனைத்திற்கும் பெயர் கொடுத்த மூத்த செடி, நம் வேலியோரத்து மரத்தில் தொங்கும் இந்த எளிய செடியே.

அந்த வடசொல் பிறர்மேல் ஒட்டி வாழ்வன எல்லாவற்றையும் வேறுபாடின்றிச் சுட்டுவது. நம் ஊராரும் அப்படியே. மரத்தின்மேல் எது இருந்தாலும் "புல்லுருவி" என்று வெட்டி எறிவர். ஆனால் உண்மை வேறு. மாவிலும் வேம்பிலும் காணும் புல்லுருவி, தான் பற்றிய கிளைக்குள் தன் உறிஞ்சு வேரைச் செலுத்தி, மரம் தனக்கென மண்ணிலிருந்து ஏற்றிய நீரையும் உப்புக்களையும் எடுத்துக்கொள்கின்றது. வந்தாவின் வேரோ பட்டையைத் தழுவுமேயன்றித் துளைப்பதில்லை. அவ்வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை ஒன்று உண்டு. மழையும் பனியும் அதன்மேல் பட்டவுடன் உறிஞ்சிப் பச்சையாக மாறும். பட்டையின் வெடிப்புகளில் தங்கும் தூசியும் மட்கிய இலையுமே அதன் எரு. உணவைத் தன் பசிய இலைகளிலும் வேர்களிலும் தானே சமைத்துக்கொள்ளும். நீர் வீணாகாதிருக்க, இலைத் துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கும். மரத்திடம் அது பெறுவது ஒன்றே: வெளிச்சம் எட்டும் உயரத்தில் நிற்க ஓர் இடம்.

நமக்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். அடுத்த மாதம் முதல் வெள்ளியன்று அந்தத் தாயிடம் உற்சாகத்தோடு சொன்னோம்: "அம்மா, புல்லுருவி வேற, மரத்துமேல பூக்குதே அந்தப் பூச்செடி வேற. நீங்க அந்தப் பூச்செடி மாதிரி."

"அந்தக் கட்டம் போட்ட பூவா சாமி? உப்புப் பாத்தி மாதிரி இருக்குமே?" என்று அவர் கேட்டார். மங்கிய அந்தக் கண்களில் ஒரு கணம் ஒளி தோன்றியது. எத்தனையோ முறை அப்பூவைப் பார்த்திருக்கின்றோம். வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடக்கும் பாத்திகளையும் நாள்தோறும் கடந்து போகின்றோம். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

"ஆமாம்மா. அது மரத்தோட சத்தை ஒண்ணும் எடுக்காது. இடம் மட்டும்தான் வாங்கிக்கும்."

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "இடம்னா சும்மாவா சாமி?"

அன்று மறையுரை கேட்டவர் நாமே. இடம் என்பது சும்மா கிடைப்பதன்று. வந்தாவைச் சுமக்கும் கிளை எடையைச் சுமக்கின்றது. மழையில் நனைந்த செடியும் வேரும் கனக்கும். புயற்காற்றில் அக்கனம் கிளையை முறிக்கவும் கூடும். எதையும் பறிக்காத விருந்தாளியைச் சுமப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த வீட்டில் அவ்விலையைக் கொடுப்பவர் யார்? விடியுமுன் எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, மாமியாரைக் குளிப்பாட்டி உட்காரவைத்துவிட்டு, உப்பளத்திற்குச் செல்லும் மருமகளே. வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, உப்பு வாரி, கூடை சுமந்து, காலில் வெடிப்போடு அவர் திரும்பி வருகின்றார். நாம் வாசற்படியைத் தாண்டியபோது பின்னாலேயே வந்து அவர் சொன்னார்: "சாமி, அத்தைய நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா ஒடம்பு முடியல சாமி. அத யாருகிட்ட சொல்லுறது?"

அன்பர்களே, முதியோரைப் பேணுங்கள் என்று நாம் ஆண்டுதோறும் பீடத்திலிருந்து முழங்குகின்றோம். பேணுகின்ற கை ஓய்ந்துவிட்டதா என்று கேட்டதுண்டா? இடம் கொடுப்பது அருஞ்செயல் என்பதாலேயே, கொடுப்பவரின் சுமையைக் காணாதிருப்பது பெருங்குற்றமாகின்றது. அந்தத் தாயின் கேள்வியில் தம்மைப் பற்றிய தாழ்வு மட்டும் இருக்கவில்லை. மருமகளின் உழைப்பை அறிந்த நன்றியும் அதில் இருந்தது. "நான் ஒன்றும் எடுக்கவில்லை" என்று சொல்லித் தம்மை நிலைநாட்டிக்கொள்ள அவர் விரும்பவில்லை. தாம் சுமக்கப்படுகின்றோம் என்பதை அவர் அறிவார். சுமக்கப்படுவது இழிவு என்று எண்ணியதே அவரது துயரம்.

அது இழிவா? இங்கும் அந்தச் செடியே நமக்கு ஆசான். வந்தாவின் ஒரு காய்க்குள் பல்லாயிரம் விதைகள் உண்டு. தூசியினும் நுண்ணிய விதைகள். காற்றே அவற்றைக் கொண்டு செல்லும். நெல்லிலும் அவரையிலும் முளைக்கு வேண்டிய உணவைத் தாய்ச்செடி கட்டி அனுப்புகின்றது. ஆர்க்கிட் விதைக்கு அத்தகைய கட்டுச்சோறு கிடையாது. பட்டையில் வந்து தங்கும் விதையினுள் ஒரு பூஞ்சையின் நுண்ணிய இழை புகுந்து உணவு ஊட்டினால்தான் அது முளைக்கும். பச்சையம் பெற்றுத் தானே உணவு சமைக்கும் நாள்வரை அந்த ஊட்டலிலேயே அது பிழைக்கும். எவரையும் சாராமல் காற்றில் வாழ்வதுபோல் தோன்றும் செடியின் தொடக்கம் இதுதான். யாரோ ஊட்டினார்கள், ஆகவே அது இருக்கின்றது.

நாமும் அவ்வாறே. நம்முள் எவர் தம் முதற்கவளத்தைத் தாமே உழைத்து உண்டவர்? ஒன்பது மாதம் ஒரு தாயின் குருதியிலேயே வாழ்ந்தோம். அப்போது நம்மை எவரும் புல்லுருவி என்று சொல்லவில்லை. வாழ்வின் தொடக்கத்தில் சுமக்கப்படுவது இயல்பு என்றால், முடிவில் சுமக்கப்படுவது மட்டும் எப்படி இழிவாகும்? இரு முனைகளிலும் பிறர் கையில் இருக்கின்றோம். நடுவே சில ஆண்டுகள் பிறரைச் சுமக்கும் வலிமை நமக்குத் தரப்படுகின்றது. அந்தச் சில ஆண்டுகளை முழு வாழ்வு என்று எண்ணி, உழைக்க முடிந்தவரே மனிதர் என்று கணக்கிடுவதுதான் நம் காலத்தின் பிழை.

"உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்று திருத்தூதர் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். எழுதினார். அவர் கண்டித்தது மனமில்லாதவர்களை, இயலாதவர்களை அன்று. அதே பவுல்தான், உடலின் உறுப்புகளுள் வலுவற்றவையாய்த் தோன்றுபவையே மிகவும் தேவையானவை என்று கொரிந்தியருக்கு எழுதினார். சோம்பேறிக்குச் சொன்ன கண்டிப்பை நோயாளிமீது ஏவுவது, வந்தாவைப் புல்லுருவி என்று வெட்டுவதற்கு ஒப்பாகும்.

பயன் என்னும் அளவுகோலைத் திருமறை பல இடங்களில் தகர்க்கின்றது. யோபு நூலில் இறைவன் புயலினின்று பேசும்போது, மனிதர் எவரும் வாழாத பாலைநிலத்தில் மழை பெய்வித்துப் புல் முளைக்கச் செய்வது யார் என்று வினவுகின்றார். எவர் உண்ண அந்தப் புல்? எவர் காண அந்தப் பசுமை? மனிதருக்குப் பயன்படாத இடத்திலும் இறைவன் மழையைச் செலவிடுகின்றார். மலைப்பொழிவிலும் இரண்டு உவமைகள் அடுத்தடுத்த அதிகாரங்களில் உள்ளன. ஐந்தாம் அதிகாரத்தில் உப்பு. ஆறாம் அதிகாரத்தில் காட்டுமலர். உவர்ப்பு இழந்தால் உப்புக்குப் பயனில்லை என்று சொன்ன அதே ஆண்டவர், உழைக்காமலும் நூற்காமலும் நிற்கும் மலரைச் சாலமோனைவிட மேலாக உயர்த்தினார். உப்பு, ஆற்றவேண்டிய பணியை நமக்கு நினைவூட்டுகின்றது. மலர், பணி எதுவும் ஆற்றாதபோதும் நாம் அன்பு செய்யப்படுவதை நினைவூட்டுகின்றது. உப்பும் காட்டுமலரும் அருகருகே இருக்கும் மரக்காணத்தில் வாழும் நாம், உப்பைப் பற்றிய பாடத்தை மட்டும் நன்கு கற்றுக்கொண்டோம்.

படைப்புகள் ஏன் இத்தனை பலவாக இருக்கின்றன என்று புனித தோமா அக்குவினாஸ் வினவினார். இறைவனின் நன்மையை ஒரே ஒரு படைப்பு முழுமையாக எடுத்துக்காட்ட இயலாது. ஒன்றில் இல்லாததை மற்றொன்று நிறைவு செய்யவே பலவும் படைக்கப்பட்டன என்பது அவர் தந்த விடை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலும், ஒவ்வோர் உயிரும் நமக்குப் பயன்படுவதைக் கடந்து தன்னளவில் மதிப்புடையது என்று எடுத்துரைக்கின்றது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தின் ஒரு பகுதியை உழாமல் விட்டுவைக்கச் சொன்ன செய்தியும் அம்மடலில் நினைவூட்டப்படுகின்றது. காட்டுச்செடிகளும் அங்கே பூத்துப் படைத்தவரை நினைவூட்டட்டும் என்பது அவர் எண்ணம். காய்கறிப் பாத்தியிலும் பயனற்ற பூவுக்கு ஓர் ஓரம்!

இவ்வளவும் அறிந்த நாம் செய்த ஒரு தவற்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய வேறொரு கடற்கரைப் பங்கில், ஆலயத் திருவிழாவிற்காக இளைஞர்கள் காட்டிலிருந்து வந்தா செடி ஒன்றைப் பூவோடு பெயர்த்துக் கொண்டுவந்தனர். தடுக்கவேண்டிய நாம் பாராட்டினோம். மாதா கெபியின் முன் சிமெண்டுத் தொட்டியில் மண் நிரப்பி அதனை நட்டோம். எரு இட்டோம். காலையும் மாலையும் நீர் ஊற்றினோம். மண்ணைச் சுமந்து அறியாத அந்த வேர்கள் காற்றின்றி அழுகின. இரண்டு மாதங்களில் செடி மடிந்தது. பகையால் அன்று, அன்பால்தான் அதனைக் கொன்றோம்.

இத்தவற்றில் நமக்கு முன்னோடிகளும் உண்டு. 1850-இல் காசி மலைகளில் நீலநிற வந்தாவைக் கண்டு வியந்த தாவரவியலார் ஜோசப் ஹுக்கர், இலண்டன் கியூ தோட்டத்திற்காக ஏழு ஆள் சுமை அளவுக்கு அதனைத் திரட்டினார். உயிரோடு இங்கிலாந்து சேர்ந்தவை மிகச் சிலவே என்று அவரே எழுதிவைத்துள்ளார். அத்தகைய வேட்கையின் விளைவுகளைக் கண்ட உலகம், இன்று ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வைத்துள்ளது.

அழகானதைக் கண்டால் நம்மிடம் கொண்டுவர வேண்டும் என்று தோன்றுகின்றது. அது எங்கே வாழுமோ அங்கே விட்டுவைப்பது கடினமாக இருக்கின்றது. முதியோரிடமும் நாம் இவ்வாறே நடக்கின்றோம் அல்லவா? "வசதியா இருக்கட்டும்" என்று தாயை அவர் பழகிய திண்ணையினின்றும் தெருவினின்றும் பெயர்த்து, நகரத்து அடுக்குமாடியின் ஓர் அறையில் வைத்து, வேளைக்கு உணவும் மருந்தும் ஊற்றுகின்றோம். குறை ஒன்றும் வைக்கவில்லையே, ஏன் வாடுகின்றார் என்று வியக்கின்றோம். இடம் கொடுத்தல் என்பது நமக்கு வசதியான இடத்தைக் கொடுப்பதன்று. அவர் மூச்சுவிடக்கூடிய இடத்தை அறிந்து கொடுப்பதாகும்.

இவ்வகையில் நம் அயலாரிடமிருந்து நாம் கற்கவேண்டியது உண்டு. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு பழங்காடு நிற்கின்றது. இக்கடற்கரையில் பசுமைமாறாக் காடு எஞ்சியிருப்பது பெரும்பாலும் இத்தகைய கோயில் காடுகளாகவே. சாமியின் காட்டில் கிளை ஒடிக்கலாகாது என்று படிக்காத மக்கள் தலைமுறை தலைமுறையாக அஞ்சியதால் அவை பிழைத்தன. அக்கிளைகளில்தான் வந்தாவும் பிழைத்தது. அவர்களது வழிபாடு நமதன்று. ஆயினும், படைப்பில் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைத்த அவர்களது அடக்கத்தின் முன் நாம் தலைவணங்கவேண்டும்.

வந்தவருக்கு இடம் கொடுப்பது இந்நெய்தல் நிலத்தின் பழைய அறமும் ஆகும். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். வறிய பாணன் தன் யாழோடும் பசித்த குடும்பத்தோடும் அப்பட்டினம் வந்தால், கடற்கரை மக்கள் அவனுக்கு உணவளிப்பர் என்று அந்நூல் வழி சொல்கின்றது. என்ன கொண்டுவந்தாய் என்று அவனை எவரும் கேட்கவில்லை. வந்தாரை வாழவைக்கும் நாடு என்று நாம் பெருமை பேசுகின்றோம். 'வந்தா' என்னும் பெயரைத் தாங்கிய செடியும் அப்பெருமையை நம்பித்தான் நம் மரங்களில் தங்கியிருக்கின்றதோ!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மழை ஓய்ந்தபின் நடந்து சென்றோம். காட்டோரச் சாலையில் முறிந்து கிடந்த ஒரு கிளையில் வந்தா செடி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அப்படியே விட்டால் வண்டிச் சக்கரம் நசுக்கிவிடும். இம்முறை தொட்டியில் நடவில்லை. பங்கு இல்லத்து வேப்பமரத்தின் கவையில், காலை வெயில் படும் பக்கமாக, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டிவைத்தோம். ஊற்றுவதற்கு ஓடிய கையையும் அடக்கிக்கொண்டோம். நெடுநாள் அசைவில்லை. பின்னர் ஒரு நாள் புதிய வேர் ஒன்று பச்சை நுனியோடு நீண்டு பட்டையைத் தொட்டிருக்கக் கண்டோம். இன்னும் பூக்கவில்லை. பூக்காவிட்டாலும் அது அங்கே இருக்கும்.

அந்த மருமகளின் சொல்லைக் கேட்டபின் நம் மாதர் சங்கத்தாரிடம் பேசினோம். வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து அந்தத் தாயைக் குளிப்பாட்டி உணவு கொடுக்கின்றனர். பெரிய தொண்டு என்று இதனைச் சொல்ல இயலாது. ஒரு கிளை தாங்கிய எடையை மூன்று கிளைகள் பகிர்ந்துகொண்டன, அவ்வளவே. மருமகள் அந்த நாள்களில் சற்றுக் கண்ணயர்கின்றார். அவருக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது.

சென்ற முதல் வெள்ளியன்று, "எப்படி இருக்கீங்கம்மா?" என்று வழக்கம்போல் கேட்டோம். "இருக்கேன் சாமி" என்றார் அந்தத் தாய். புல்லுருவி என்ற சொல் வரவில்லை. பிறகு, "வேப்பமரத்துல கட்டினீங்களே, அது பூத்துச்சின்னா என்னைய ஒரு தரம் தூக்கிக்கிட்டுப் போயி காட்டச் சொல்லுங்க. தூக்கிக்கிட்டுத்தான் போவணும்" என்று சொல்லிச் சிரித்தார். தூக்கிச் செல்லுமாறு கேட்பதற்கு அவருக்கு இப்போது நாணமில்லை.

நம் வீடுகளிலும் இத்தகையோர் இருக்கின்றனர். அவர்களால் என்ன பயன் என்று எண்ணும்முன், நம்மை முதலில் ஊட்டியவர் யார் என்று எண்ணுவோமாக. அவர்களைச் சுமப்பவர் களைத்திருந்தால் அச்சுமையில் ஒரு பங்கை ஏற்போமாக. நாமும் ஒருநாள் மற்றொருவரின் கிளையில் இடம் கேட்டு நிற்போம். அன்று கூசாமல் கேட்கும் மனத்தை, இன்று இடம் கொடுப்பதால் பெறுவோமாக.